உடம்பெல்லாம் வலி: தைரொயிட்டா, பைப்ரோமயல்ஜியாவா?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் குழுவின் பதில்கள்

உடல்வலி, களைப்பு, தைரொயிட் பரிசோதனை பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 41 வயது. கொழுந்து பறிக்கிறேன். எட்டு மாதமாகக் கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் வலி. எவ்வளவு தூங்கினாலும் காலையில் எழும்பும்போது அடித்துப் போட்டது போல இருக்கிறது. எடையும் நாலு கிலோ கூடிவிட்டது. இரத்தம் சோதித்ததில் டி.எஸ்.எச். 5.8, ஃப்ரீ டி4 நோர்மல். ஒருவர் ‘லேசான தைரொயிட்’ என்கிறார், இன்னொருவர் ‘பைப்ரோமயல்ஜியா’ என்கிறார். யார் சொல்வது சரி? — வாசகி, ஹட்டன்

பதில்: 5.8 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எட்டு மாத வலியைத் தைரொயிட்டின் தலையில் கட்ட முடியாது. ‘உனக்குப் பைப்ரோமயல்ஜியாதான்’, அதாவது வலியை உணரும் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகி உடம்பெங்கும் நீடிக்கும் வலி நோய்தான், என்று சொல்லவும் இந்த ரிப்போர்ட் போதாது.

டி.எஸ்.எச். தைரொயிட் சுரப்பியில் ஊறுவதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைரொயிட்டை வேலை வாங்குவதற்காக அனுப்புவது. கொழுந்து குறைந்தால் கங்காணியின் குரல் உயர்வது போல, தைரொயிட் சோர்ந்தால் டி.எஸ்.எச். ஏறும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் இதன் நோர்மல் அளவு லீற்றருக்கு 0.4 முதல் 4.0 அல்லது 4.5 மில்லி அலகு வரை. உங்களுக்கு அது கொஞ்சம் தாண்டியிருக்கிறது. ஆனால் ஃப்ரீ டி4, அதாவது தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனின் அளவு, குறையவில்லை. அதாவது சுரப்பி சற்று விரட்டப்பட்டாலும் உடம்புக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பெங்கும் கடும் வலி உண்டாக்கும் அளவுக்குத் தைரொயிட் குறைந்தவர்களுக்குப் பொதுவாக டி.எஸ்.எச். 10ஐத் தாண்டி நன்றாக ஏறியிருக்கும், ஃப்ரீ டி4உம் இறங்கியிருக்கும்.

முதலில், இரண்டு மூன்று மாதம் கழித்து அதே ஆய்வுகூடத்தில், அதே காலை வேளையில் டி.எஸ்.எச்.ஐயும் ஃப்ரீ டி4ஐயும் மீண்டும் பாருங்கள். இப்படி இலேசாக ஏறிய டி.எஸ்.எச். பலருக்கு இரண்டாம் முறை தானாகவே இறங்கியிருக்கும். இதற்காக வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. காய்ச்சலோ வேறு கடும் நோயோ வந்து தேறியிருந்தால் ஆறு வாரமாவது போகட்டும். நோய்க்காலத்தில் தைரொயிட் எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். அந்த இரண்டாம் இரத்தத்திலேயே தைரொயிட் எதிர்ப்பொருள் பரிசோதனையையும், அதாவது ஆன்டி டி.பி.ஓ.வையும், ஒருமுறை செய்துகொள்ளலாம். அது கூடியிருந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது, பின்னாளில் தைரொயிட் முழுமையாகக் குறைய வாய்ப்பு அதிகம் என்று பொருள். திரும்பத் திரும்ப அதைச் சோதிப்பதில் பயனில்லை. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், கர்ப்பகாலத்துக்குக் கணக்கே வேறு.

இரண்டாவது, வலிக்கு வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு எங்கள் முதல் சந்தேகம் தைரொயிட் அல்ல, இரும்புச்சத்துக் குறைவுதான். முழு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கிறதா, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் காலியாகியிருக்கலாம், களைப்பு அப்போதே தொடங்கிவிடும். அதோடு உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இரத்தத்தில் சீனி, கல்சியம், விட்டமின் டி. தசை நொதியான சி.கே. மிக முக்கியம். தைரொயிட் குறைந்து தசை பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பெரும்பாலும் ஏறியிருக்கும், பைப்ரோமயல்ஜியாவில் ஏறாது. ஆனால் பாரம் சுமந்து மலையேறிய மறுநாள் இரத்தம் கொடுத்தால் உழைப்பினாலேயே சி.கே. கூடிக் காட்டும். தசையில் ஊசி போட்டாலும் அப்படித்தான். சில நாள் ஓய்வுக்குப் பிறகு கொடுங்கள். ஈ.எஸ்.ஆரிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. இரத்தசோகை இருந்தாலே அது சற்றுக் கூடும். உடனே ‘வாதம்’ என்று முடிவுகட்டி ஸ்டீரொயிட் தொடங்கிவிடக் கூடாது.

மூன்றாவது, காசில்லாத பரிசோதனை ஒன்று இருக்கிறது. கதிரையில் முழங்காலிட்டுப் பாதங்களை வெளியே தொங்கவிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு போன்ற தடித்த நாணில் வைத்தியர் சிறு சுத்தியலால் தட்டுவார். பாதம் சட்டென்று பின்னால் உதைக்கும். எல்லோருக்கும் உதைத்த வேகத்திலேயே பாதம் திரும்பிவிடும். தைரொயிட் நன்றாகக் குறைந்தவருக்கு உதை சரியாக வரும், திரும்புவதுதான் மெதுவாக, எண்ணெயில் விழுந்தது போல நடக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. குரல் கரகரப்பது, கண் இமை ஊதுவது, தோல் காய்ந்து சொரசொரப்பாவது, நாடி 60க்குக் கீழே போவது, மாதவிடாய் அதிகமாவது ஆகியவையும் தைரொயிட்டின் பக்கம் சாய்கிற அடையாளங்கள். குளிர் மட்டும் இங்கே நல்ல சாட்சியல்ல, நுவரெலியாவில் யாருக்குத்தான் குளிராது? வெயிலேறி மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றும் நேரத்திலும் உங்களுக்குக் குளிர்ந்தால்தான் அது கணக்கு.

களைப்பு, மறதி, மனச்சோர்வு, மலச்சிக்கல் இவை இரண்டு நோயிலும் வரும். இவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. எடை பற்றியும் சொல்லவேண்டும். தைரொயிட் நிஜமாகவே குறைந்தாலும் பொதுவாகக் கூடுவது சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். வலியால் நடமாட்டம் குறைந்தாலும் நாலு கிலோ கூடும்.

கேள்வி: எல்லா ரிப்போர்ட்டும் நோர்மல். ‘ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான் வேலைக்குப் போகாமல் நடிக்கிறேன் என்கிறார்கள். பைப்ரோமயல்ஜியாவை உறுதிப்படுத்த ஒரு இரத்தப் பரிசோதனைகூட இல்லையா? — வாசகி, பொகவந்தலாவை

பதில்: இல்லை. இரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் அது தெரியாது. அதனால் வலி பொய்யாகிவிடாது. மூட்டிலோ தசையிலோ புண்ணோ வீக்கமோ இல்லை. வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகளும் அதை வாங்கும் முள்ளந்தண்டும் மூளையும் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டன. வானொலியில் சத்தத்தைக் கூட்டி வைத்தது போல, மற்றவருக்குத் தொடுதலாக இருப்பது உங்களுக்கு வலியாக வந்து சேர்கிறது. சுத்தமான ரிப்போர்ட் இந்த நோய்க்கு எதிரான சாட்சி அல்ல, இந்த நோயில் ரிப்போர்ட் அப்படித்தான் வரும். உங்கள் வீட்டாரை இந்தப் பதிலை வாசிக்கச் சொல்லுங்கள்.

உறுதிப்படுத்த வழி இருக்கிறது, அது கேள்வி கேட்டு எண்ணுவது. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி வகுத்த முறையில், உடம்பில் குறித்த 18 இடங்களைச் சுமார் 4 கிலோ அழுத்தத்தில், அதாவது அழுத்துகிறவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு, அழுத்தி 11 இடத்தில் வலித்தால் பைப்ரோமயல்ஜியா என்றார்கள். 2010இல் அதே கல்லூரி புள்ளி முறையைக் கொண்டுவந்தது, 2016இல் அது திருத்தப்பட்டது. இப்போது பின்பற்றுவது இதைத்தான்.

உடம்பை 19 இடங்களாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் வலித்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தோள், மேல்கை, முன்கை, இடுப்புப் புட்டம், தொடை, கீழ்க்கால், தாடை ஆகியவை இடம் வலம் என்று 14. கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, நெஞ்சு, வயிறு என்று 5. அடுத்து, களைப்பு, தூங்கி எழுந்தும் தெளிவின்மை, மறதியும் கவனச் சிதறலும் ஆகிய மூன்றுக்கும் கடுமையைப் பொறுத்துத் தலா 0 முதல் 3 வரை. கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1. இந்த இரண்டாம் கணக்கு அதிகபட்சம் 12. முதல் கணக்கு 7க்குக் குறையாமலும் இரண்டாவது 5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அல்லது முதலாவது 4 முதல் 6 வரை, இரண்டாவது 9க்குக் குறையாமல். அதோடு இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடு உடம்பு என்ற ஐந்து பகுதியில் நான்கிலாவது வலி இருக்க வேண்டும். எல்லாம் மூன்று மாதமாவது அதே அளவில் நீடித்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, இரண்டு தோள், இரண்டு தொடை: 7. களைப்பு 2, தெளிவற்ற தூக்கம் 3, மறதி 1, தலைவலி 1: 7. ஐந்து பகுதியிலும் வலி. இவருக்கு நிபந்தனை பொருந்துகிறது. கூடைக் கயிறு அழுத்தி நெற்றியும் கழுத்தும் மட்டும் வலிக்கிறவருக்குப் பொருந்தாது. அவருடையது உழைப்பு வலி. இரண்டு நாள் வேலை இல்லையென்றால் அது நன்றாகத் தணியும், பைப்ரோமயல்ஜியா ஓய்வு நாளிலும் கூடவே இருக்கும்.

2016 திருத்தத்தில் எங்களுக்கு மிகவும் பெறுமதியாகத் தெரியும் வரி ஒன்று உண்டு: வேறு நோய் இருந்தாலும் இந்த நிபந்தனை பொருந்தினால் பைப்ரோமயல்ஜியா என்றே கொள்ளலாம். ‘தைரொயிட் இருக்கிறது, ஆகவே இது இருக்க முடியாது’ என்ற வாதம் செல்லாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அப்போது இரண்டுக்கும் மருத்துவம் வேண்டும்.

கேள்வி: தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் ஃப்ரீ டி4 1.1 என்று வந்தது. ஆறு மாதம் கழித்து வேறிடத்தில் 14 என்று வந்திருக்கிறது. தைரொயிட் பதின்மடங்கு கூடிவிட்டதா? — வாசகர், பதுளை

பதில்: பயப்படாதீர்கள், கூடவே இல்லை. முதலாவது டெசிலீற்றருக்கு நனோகிராம், இரண்டாவது லீற்றருக்குப் பிக்கோமோல். 1.1ஐ 12.87ஆல் பெருக்கினால் 14 வரும். எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகையும் அந்த ஆய்வுகூடத்தின் நோர்மல் எல்லையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கேள்வி: டி.எஸ்.எச். 22 இருந்தது. மூன்று மாதமாகத் தைரொயிட் குறைவுக்கான தைரொக்சின் குளிசை 75 மைக்ரோகிராம் ஒழுங்காகக் குடிக்கிறேன். இப்போதும் 13. வலியும் போகவில்லை. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? — வாசகி, தலவாக்கலை

பதில்: மருந்தை மாற்றுவதற்கு முன் நீங்கள் அதை எதோடு குடிக்கிறீர்கள் என்று பார்ப்போம். தோட்டத்து விடியற்காலை எங்களுக்குத் தெரியும். நாலரைக்கு அடுப்பு மூட்டி, தேத்தண்ணியை ஊற்றி, குளிசையை வாயில் போட்டு அதே தேத்தண்ணியால் விழுங்கி, ரொட்டியைச் சுட்டுக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவது. தேநீரோடும் பாலோடும் சாப்பாட்டோடும் போகும் தைரொக்சினில் ஒரு பகுதி குடலில் ஏறாமலே வெளியேறிவிடும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையும் கல்சியம் குளிசையும் இன்னும் மோசம், அவை தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கண் விழித்ததும் வெறும் தண்ணீரில் தைரொக்சினை விழுங்குங்கள். தேத்தண்ணிக்கு அரை மணி, முடிந்தால் ஒரு மணி இடைவெளி. இரும்பும் கல்சியமும் நாலு மணி நேரம் தள்ளி. காலையில் இது நடக்காது என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது குடியுங்கள், அதுவும் சரியான முறைதான். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். குளிசையை அடுப்படித் தட்டில் வைக்க வேண்டாம், சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும். வந்த உறையிலேயே உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இப்படி மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். தைரொக்சினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும், ஆகவே அதற்கு முன் பார்ப்பது வீண். இரத்தம் கொடுக்கும் நாளில் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு குடியுங்கள். முன்னதாகக் குடித்தால் ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்குக் கூடிக் காட்டும். அப்போதும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவது வைத்தியரின் வேலை. முழுமையாகக் குறைந்தவருக்குத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில் வரும். 60 கிலோ என்றால் 100க்குக் கிட்ட. நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம். அதிகமானால் நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும்.

வலி பற்றி: டி.எஸ்.எச். நோர்மலுக்கு வந்த மறுநாளே தசை வலி போகாது, சில மாதம் பிடிக்கும். ஆனால் டி.எஸ்.எச். நோர்மலாகி ஆறு மாதம் கடந்தும், சி.கே.யும் சரியாகியும், உடம்பெங்கும் வலி அப்படியே இருந்தால் தைரொக்சினை மேலும் மேலும் கூட்டுவது தவறான வழி. மேலே சொன்ன 19 இடக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: தலைமுடி கொட்டுவதால் ஒரு குளிசை குடித்து வருகிறேன். களைப்புக்குச் சோதித்ததில் டி.எஸ்.எச். 0.05, ஃப்ரீ டி4 கூட. தைரொயிட் கூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு மெலிவோ நடுக்கமோ இல்லை. — வாசகி, கண்டி

பதில்: குளிசை உறையைத் திருப்பி ‘பயோட்டின்’ என்று இருக்கிறதா பாருங்கள். தலைமுடிக் குளிசைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் இருப்பது சாதாரணம், உடம்புக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 30 மைக்ரோகிராம்தான். பல இயந்திரங்கள் பயோட்டினையே ஒட்டும் பசையாக வைத்து ஹோர்மோனை அளக்கின்றன. இரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் வரும். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். அதற்கு முன் தைரொயிட்டைக் குறைக்கும் மருந்து எதையும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: அயடின் உப்பைக் கூட்டினால் தைரொயிட் சரியாகுமா? — வாசகர், மஸ்கெலியா

பதில்: ஆகாது. இலங்கையில் 1995 முதல் உணவு உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டம். எதிர்ப்பொருளால் தைரொயிட் குறைந்தவருக்குக் கூடுதல் அயடின் உதவாது, சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். உப்பைக் கூட்டினால் இரத்த அழுத்தமும் ஏறும்.

கேள்வி: தங்கைக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் பிள்ளை பிறந்தபோது இரத்தப்போக்கு நிற்காமல் மூன்று பைந்து இரத்தம் ஏற்றினார்கள். பால் சுரக்கவே இல்லை. மாதவிடாயும் திரும்ப வரவில்லை. ஓயாத களைப்பு, உடல்வலி. டி.எஸ்.எச். 2.1, ‘தைரொயிட் இல்லை’ என்கிறார்கள். — வாசகி, இராகலை

பதில்: இந்தக் கடிதத்தை நாங்கள் அவசரமாக எடுத்துக்கொள்கிறோம். பிரசவத்தில் பெரும் இரத்தம் போகும்போது பிட்யூட்டரி சுரப்பிக்கு இரத்தம் கிடைக்காமல் அது பட்டுப்போகலாம். ஷீஹன் நோய் என்பது இதைத்தான். டி.எஸ்.எச். அங்கிருந்துதான் வருகிறது. அனுப்பும் இடமே பழுதானால் தைரொயிட் குறைந்தாலும் டி.எஸ்.எச். ஏறாது, நோர்மல் போலவே நிற்கும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்துத் தைரொயிட் இல்லை என்று சொல்லக் கூடாத இடம் இது.

ஃப்ரீ டி4, உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் ஹோர்மோனான கோர்ட்டிசோல் (காலை 8 – 9 மணிக்கு எடுப்பது), ப்ரொலக்டின், எஃப்.எஸ்.எச்., சோடியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே பெரிய வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பிரசவத்தில் போன இரத்தம், சுரக்காத பால், வராத மாதவிடாய் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், தனித்தனியாகச் சொன்னால் இணைப்புத் தெரியாமல் போகும். யாராவது தைரொக்சின் தந்தால் ‘கோர்ட்டிசோல் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். கோர்ட்டிசோல் குறைந்தவருக்கு அதை ஈடுசெய்யாமல் முதலில் தைரொக்சின் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. காய்ச்சலோடு வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே வாட்டில் சேருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. இரண்டு மாதமாகக் காலையில் இரண்டு தோளையும் தூக்க முடியவில்லை, இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. பத்து மணிக்குப் பிறகு பரவாயில்லை. — வாசகர், வெலிமடை

பதில்: 50 வயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று இப்படித் தொடங்கினால் பைப்ரோமயல்ஜியா என்று எண்ண வேண்டாம். பொலிமயால்ஜியா ருமட்டிகா என்ற வேறு நோய் இருக்கிறது. அதில் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் பெரும்பாலும் நன்றாக ஏறியிருக்கும், ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட்டை 15 மில்லிகிராம் அளவில் தொடங்கினால் சில நாட்களிலேயே பெரும் நிவாரணம் தெரியும். பைப்ரோமயல்ஜியா ஸ்டீரொயிட்டுக்கு அசையாது. டி.எஸ்.எச்.ஐயும் கூடவே பாருங்கள். கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டட்டின் குளிசை குடிக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அதுவும் தசை வலி தரும், தைரொயிட் குறைந்திருந்தால் இன்னும் அதிகமாகத் தரும். புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, சாப்பிடும்போது தாடை வலி, பார்வை மங்கல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்கு. தாமதித்தால் பார்வை போகலாம்.

கேள்வி: பைப்ரோமயல்ஜியா என்று உறுதியாகிவிட்டது. ‘உடற்பயிற்சி செய்’ என்கிறார் வைத்தியர். நாள் முழுக்க மலையேறி இறங்கும் எனக்கு இன்னும் என்ன பயிற்சி? — வாசகி, நோர்வூட்

பதில்: நியாயமான கோபம். கொழுந்து பறிப்பது பயிற்சி அல்ல. கழுத்து குனிந்தபடி, விரல்கள் ஒரே அசைவில், முதுகில் பாரத்தோடு, உடம்பு ‘போதும்’ என்றாலும் நிறுத்த முடியாத வேலை அது. வைத்தியர் சொல்வது பாரமில்லாத, உங்கள் அளவில் நிறுத்திக்கொள்ளக்கூடிய அசைவு. 2017இல் வெளியான ஐரோப்பிய வாதநோய் வழிகாட்டி இந்த நோய்க்கு உறுதியாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான், மருந்துகளுக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை.

சமமான றோட்டில், கை வீசி, பத்து நிமிடம். வாரத்தில் மூன்று நாள். அடுத்த வாரம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள், 30 நிமிடம் வரும் வரை. நடந்த மறுநாள் வலி வழக்கத்தைவிட நன்றாகக் கூடினால் முந்திய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள், விட்டுவிடாதீர்கள். பலர் தோற்பது இங்கேதான். நல்ல நாளொன்றில் எல்லா வேலையையும் அள்ளிப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுகிறார்கள். பறிக்கும்போது அரை மணிக்கொருமுறை கூடையை இறக்கி, தோளைப் பின்னால் சுழற்றி, கழுத்தை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள்.

மருந்தில், டைக்ளோஃபெனக் என்ற வலிநிவாரணி இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. பார்மசியில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பழுதும்தான் மிஞ்சும். வலியைத் தணித்துத் தூக்கத்துக்கும் உதவும் அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமில் இரவு தொடங்குவது வழக்கம். வாய் காய்வது, மலச்சிக்கல், காலைத் தூக்கக் கலக்கம் வரலாம். அந்தக் கலக்கத்தோடு வழுக்கும் மலையில் ஏறுவது ஆபத்து, ஆகவே படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகக் குடித்துப் பாருங்கள், முதல் குளிசையை மறுநாள் வேலையில்லாத இரவில் தொடங்குங்கள். கண் அழுத்த நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் வைத்தியரிடம் முன்பே சொல்லுங்கள்.